கட்டமும் ஓரமும்: படவில்லை அமைப்பு பற்றிய ஒரு விமர்சன நோக்கு

கருத்தரங்குகளிலும் விரிவுரை மண்டபங்களிலும் இன்று திரையில் விழும் படவில்லை, கட்டுரைக்கும் பேச்சுக்கும் இடைப்பட்ட ஓர் எழுத்துவடிவமாக நிலைபெற்றுவிட்டது. ஆயினும், ஒரு நாவலின் அமைப்பையும் ஒரு கவிதையின் யாப்பையும் ஆராய்வதுபோலப் படவில்லையின் உருவத்தை ஆராயும் வழக்கம் நம்மிடையே பெரிதும் இல்லை. அது துப்புரவாக இருக்கவேண்டும் என்ற அளவோடு பேச்சு முடிந்துவிடுகிறது. துப்புரவுக்குரிய வழியாகக் கட்டச் சட்டகமும் ஓரவெளியும் பரிந்துரைக்கப்படுகின்றன. பரப்பை நிரல்களாகவும் நிரைகளாகவும் பகுத்துக்கொள்க. நாற்புறமும் வெளி விடுக. தலைப்பு, பந்தி, படம் யாவற்றையும் அக்கோடுகளிற் பொருத்துக என்பதே அப்பரிந்துரை. இது பிழையான பரிந்துரையன்று. ஆனால் அது எங்கிருந்து வந்தது, வரும் வழியில் எதனை இழந்தது என்னும் வினாக்கள் எழுப்பப்படவேண்டியவை.

உருவமும் உள்ளடக்கமும் ஒன்றையொன்று எவ்வாறு தீர்மானிக்கின்றன என்பது 1960களிலும் 70களிலும் ஈழத்துத் தமிழ் விமர்சனத்தைப் பெரிதும் ஆட்கொண்ட பிரச்சினையாகும். நாவல், சிறுகதை, புதுக்கவிதை ஆகியவற்றை முன்வைத்தே அது விவாதிக்கப்பட்டது. நாளாந்தப் பயன்பாட்டு எழுத்து அவ்விவாத எல்லைக்குட் பெரிதும் வரவில்லை. எனினும் அப்பிரச்சினை படவில்லைக்கும் பொருந்தும். ஒருவகையில் அதற்கே கூடுதலாகப் பொருந்தும் எனலாம். நாவலாசிரியன் தன் உருவத்தைத் தானே தேடிக்கொள்கிறான். படவில்லை தயாரிப்பவனுக்கோ, அவன் ஒரு சொல்லையேனும் எழுதுவதற்கு முன்னரே உருவம் வழங்கப்பட்டுவிடுகிறது.

கட்டச் சட்டகத்தைக் கோட்பாடாக வகுத்துரைத்தோருள் முதன்மையானவர் சூரிச் நகரிற் பணியாற்றிய யோசெப் முல்லர்-புரொக்மன் (1914–1996) ஆவார். சூரிச் தொன்ஹாலே இசைமண்டபத்தின் கச்சேரிகளுக்கென 1950களில் அவர் வடிவமைத்த சுவரொட்டிகள் புகழ்பெற்றவை. 1981ஆம் ஆண்டு ஜேர்மன், ஆங்கிலம் ஆகிய இரு மொழிகளிலும் ஒருங்கே அச்சாகி வெளிவந்த அவரது நூல், வரைகலையிற் கட்டச் சட்டக முறைகளை விளக்குவது. 8 களங்கள், 20 களங்கள், 32 களங்கள் எனச் சட்டகங்களைப் படிப்படியாக விரித்துக் காட்டும் அந்நூலைப் புரட்டுவோர் பலர், கோடுகளை மாத்திரம் கண்டு மீண்டுவிடுகின்றனர். அக்கோடுகள் எவ்வாறு பிறக்கின்றன என்பதே நூலின் உயிர்நிலை.

முல்லர்-புரொக்மனின் முறையிற் கட்டம் முதலில் வருவதில்லை. சொல்லவேண்டிய பொருள் எவ்வளவு, படங்கள் எத்தன்மையன, வாசகர் யாவர் என்பனவே முதலில் நோக்கப்படுகின்றன. அவற்றிலிருந்து எழுத்தின் அளவும், எழுத்தின் அளவிலிருந்து வரிகளுக்கிடையிலான வெளியும், ஒரு வரியில் வாசிப்புக்கு இடரின்றி அமையக்கூடிய சொற்களிலிருந்து நிரலின் அகலமும் பெறப்படுகின்றன. ஒரு களத்தின் உயரம் முழு எண்ணளவான வரிகளைக் கொண்டதாக இருக்கவேண்டும். களத்துக்கும் களத்துக்கும் இடையிலான வெளியும் வெற்று வரியால் அளக்கப்படவேண்டும். அப்பொழுதுதான் படத்தின் மேல்விளிம்பு அருகிலுள்ள நிரலின் எழுத்துத் தலையோடும், கீழ்விளிம்பு வரியின் அடியோடும் பொருந்தி நிற்கும். அதாவது, கட்டத்தின் அலகு மில்லிமீற்றர் அன்று. வாசிக்கப்படும் வரியே அதன் அலகு. கட்டம் உதவியே தவிர உத்தரவாதம் அன்று என்பதை அவரே ஒப்புக்கொண்டிருப்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

இவ்வரிசையே படவில்லை மென்பொருளில் தலைகீழாயிற்று. 1987 ஏப்பிரலில் ஃபோர்தோற் என்னும் சிறு நிறுவனம் மக்கின்ரொஷ் கணினிக்கென பவர்பொயின்ற் மென்பொருளை வெளியிட்டது. அதே ஆண்டில் மைக்ரோசொஃப்ற் அந்நிறுவனத்தை 14 மில்லியன் டொலருக்கு வாங்கிக்கொண்டது. ஒளிபுகவிடும் தாள்களை அச்சிட்டு எடுப்பதற்கென எழுந்த கறுப்பு வெள்ளைக் கருவி, பின்னர் திரையில் நேரடியாக எறியப்படும் வடிவத்தைப் பெற்றது. அதனைத் திறப்பவர் முன் ஒரு தலைப்புப் பெட்டியும் அதன்கீழ்ப் புள்ளிக்குறியிட்ட வரிகளுக்கான ஒரு பெரிய பெட்டியும் தோன்றுகின்றன. பெட்டி நிறைந்தாற் பெட்டி விரிவதில்லை. எழுத்துத் தானாகச் சிறுக்கின்றது. முல்லர்-புரொக்மனிடம் வரியிலிருந்து பெட்டி பிறந்தது. இங்கே பெட்டிக்காக வரி குறுகுகிறது. கோடுகள் இரண்டிலும் நேரானவையே. ஆயினும் ஒன்று முடிவெடுத்தலின் விளைவு. மற்றையது முடிவெடுத்தலைத் தவிர்ப்பதற்கான வசதி.

ஓரவெளி பற்றியும் இவ்வாறே நோக்குதல் வேண்டும். யான் சிக்கோல்ட் (1902–1974), மத்தியகால ஐரோப்பியக் கையெழுத்து நூல்களின் பக்க விகிதத்தை ஆராய்ந்து 1953 இல் ஒரு வரைபை வெளியிட்டார். அதன்படி, அகலமும் உயரமும் 2:3 என அமைந்த பக்கத்தில் உள்ளோரம், மேலோரம், வெளியோரம், கீழோரம் ஆகியன முறையே 2:3:4:6 என்னும் விகிதம் பெறும். பக்கத்தை அகலத்திலும் உயரத்திலும் ஒன்பதாகப் பகுத்தால் எழுத்துப் பரப்பு ஆறுக்கு ஆறு என அமையும். எனவே 81 கூறுகளில் 36 கூறுகளே எழுத்துக்கு உரியவை. பக்கத்தின் பாதிக்கு மேற்பட்ட பகுதி வெறுமையாக விடப்படுகிறது. தாள் விலையை நினைப்பவருக்கு இது ஊதாரித்தனமாகத் தோன்றலாம். ஆனால் நூலைத் தாங்கும் பெருவிரலுக்கு இடம் வேண்டும். திறந்த இரு பக்கங்களும் ஒன்றாகக் காணப்பட வேண்டும். நம் ஏட்டுச்சுவடியிலும் கயிறு கோக்கும் துளையைச் சுற்றி எழுத்தின்றி விடப்பட்ட இடம், அழகு கருதி மாத்திரம் விடப்பட்டதன்று. பொருளின் இயல்பும் கையின் இயல்புமே ஓரத்தை வகுத்தன.

படவில்லையை எவரும் கையில் ஏந்துவதில்லை. அவ்வாறாயின் அதற்கு ஓரம் எதற்கு? 2013ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் பவர்பொயின்றின் இயல்பான விகிதம் 16:9 ஆகும். அதனைப் பக்கவாட்டில் 16, மேல்கீழாக 9 எனச் சதுரங்களாகப் பகுத்தால் 144 சதுரங்கள் கிடைக்கும். நாற்புறமும் ஒவ்வொரு சதுரம் விட்டால் எஞ்சுவன பதினான்குக்கு ஏழு, அதாவது 98 சதுரங்கள். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. அரைச் சதுரமே விடுவதாயின் ஆறில் ஒரு பங்கு போகும். இவற்றுள் எது பொருத்தம் என்பதைத் தீர்மானிப்பது மண்டபமேயன்றிச் சூத்திரம் அன்று. மட்டமான தளமுடைய விரிவுரை மண்டபத்திற் பின்வரிசையில் இருப்போருக்குத் திரையின் அடிப்பகுதி முன்வரிசையாரின் தலைகளால் மறைக்கப்படும். ஆகவே அங்கு கீழோரம் ஏனைய ஓரங்களிலும் பெரிதாக இருத்தல் வேண்டும். சிக்கோல்டின் பழைய பக்கத்திலும் கீழோரமே பெரிது. காரணம் வேறு, முடிவு ஒன்று. நாற்புறமும் சமமாக வெளிவிடுக என்ற வார்ப்புருவின் விதி, மண்டபத்தை ஒருபோதும் பார்த்திராத ஒருவரின் விதியாகும்.

சிக்கோல்டின் பெயர் இன்னொரு விவாதத்தையும் நினைவூட்டுகிறது. 1928 இல் 'புதிய அச்சுக்கலை' என்ற நூலின் மூலம் சமச்சீரற்ற புது ஒழுங்கைத் தீவிரமாகப் பரப்பியவர் அவர். 1933 இல் நாசிகளாற் கைதுசெய்யப்பட்டுப் பின்னர் சுவிற்சர்லாந்திற் குடியேறினார். பிற்காலத்தில், தாம் பரப்பிய கொள்கையின் விட்டுக்கொடாமை தாம் தப்பியோடி வந்த ஆட்சியின் மனப்பாங்கோடு உறவுடையது என்னும் கடுமையான முடிவுக்கு வந்தார். 1946 இல் அவருக்கும் மக்ஸ் பில்லுக்கும் (1908–1994) இடையே இதனையொட்டி நிகழ்ந்த வாதம் அச்சுக்கலை வரலாற்றில் முக்கியமானது. முன்னேற்றத்தைக் கைவிட்டுப் பழமைக்குத் திரும்பியவராகவே பில் அவரைக் கண்டார்.

சிக்கோல்டின் அச்சம் பொருளற்றதன்று. ஆயினும் அவர் வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதும் அன்று. அதே சிக்கோல்ட் 1947 முதல் 1949 வரை இங்கிலாந்தில் பென்குயின் நூல்களின் பொறுப்பை ஏற்றபொழுது, அச்சுக்கோப்போருக்கு மிகக் கண்டிப்பான விதிகளை எழுதிக் கொடுத்தார். விதியின் இறுக்கம் அங்கே குறைந்துவிடவில்லை. குறைந்த விலைக்கு நூல் வாங்கும் சாதாரண வாசகனின் கண்ணுக்கு அவ்விறுக்கம் பயன்பட்டது என்பதே வேறுபாடு. ஆகவே ஒழுங்கு அடக்குமுறையா விடுதலையா என்று பொதுப்படக் கேட்பதில் அதிகப் பயனில்லை. எவருடைய தேவையிலிருந்து அவ்வொழுங்கு பெறப்பட்டது என்பதே கேட்கத்தக்கது.

இக்கேள்வி வெறும் அழகியற் கேள்வியன்று என்பதற்கு ஒரு படவில்லையே சான்று. 2003 சனவரி 16 ஆம் திகதி புறப்பட்ட கொலம்பியா விண்ணோடத்தின் இடது சிறகை, புறவெரிபொருட் தாங்கியிலிருந்து கழன்ற நுரைத்துண்டு ஒன்று தாக்கியது. விண்ணோடம் வானில் இருந்த நாட்களிலேயே அத்தாக்கத்தின் விளைவை மதிப்பிட்ட பொறியியலாளர், தம் முடிவுகளைப் படவில்லைகளாக நாசா அதிகாரிகளுக்கு முன்வைத்தனர். பெப்ரவரி 1 ஆம் திகதி, மீண்டுவரும் வழியில் விண்ணோடம் சிதறி எழுவர் உயிரிழந்தனர். விபத்தை ஆராய்ந்த குழு அதே ஆண்டு ஓகஸ்ட்டில் வெளியிட்ட அறிக்கையில், அப்படவில்லைகளுள் ஒன்றையும் அதுபற்றிய எட்வேட் டஃப்டியின் பகுப்பாய்வையும் எடுத்துக்காட்டியது.

அந்தப் படவில்லை அலங்கோலமானதன்று. தலைப்பு உரிய இடத்தில் இருந்தது. வரிகள் படிக்குப் படி உள்ளொதுங்கி முறையாகவே அமைந்திருந்தன. பரிசோதனைத் தரவுகளை அடிப்படையாகக் கொண்ட கணிப்பு சேதத்தை மிகைப்படுத்தியே காட்டும் என்ற ஆறுதலைத் தலைப்பு தந்தது. ஆனால் அடியிலே, மிகத் தாழ்ந்த படிநிலையிற் சிறு எழுத்தில் இருந்த வரியோ, தாக்கிய துண்டின் கனவளவு 1920 கன அங்குலம் என்றும் பரிசோதனையிற் பயன்பட்ட துண்டின் கனவளவு 3 கன அங்குலம் என்றும் கூறியது. 640 மடங்கு வேறுபாடு! பரிசோதனை முடிவுகள் அந்நிலைமைக்குப் பொருந்தாதனவாக இருக்கலாம் என்பதே அதன் பொருள். தலைப்பைப் பொய்யாக்கக்கூடிய செய்தி, தலைப்புக்கு மிகத் தொலைவிலுள்ள இடத்தைப் பெற்றது. வார்ப்புரு அதற்கு அவ்விடத்தைக் கொடுத்தது. எழுதியவர்கள் அதனை மறுக்கவில்லை.

டஃப்டி 2003 இல் எழுதிய சிறுநூலில் இக்குற்றத்தைக் கருவியின் அறிதற்பாங்கின் மீதே சுமத்துகிறார். முக்கிய விடயங்களைத் தாளில் முழு வாக்கியங்களாக எழுதிக் கொடுப்பதே தக்கது என்பது அவர் நிலைப்பாடு. தொழில்நுட்ப அறிக்கையைப் பொறுத்தவரை அவர் கூற்று மறுக்கற்பாலதன்று. ஆனால் படவில்லை என்னும் வடிவத்தையே நிராகரிக்கும் அளவுக்கு அவர் செல்வது ஏற்புடையதாகாது. மேலே கூறிய 144 சதுரப் பரப்பிலேயே இதனைச் சோதிக்கலாம். பரிசோதனைத் துண்டை ஒரு சதுரமாகக் காட்டினால், தாக்கிய துண்டின் கனவளவுக்கு 640 சதுரங்கள் வேண்டும். நான்கு படவில்லைகளை ஓரமும் விடாது நிரப்பிய பின்னரும் 64 சதுரங்கள் மிஞ்சும். அப்படியொரு படவில்லையைக் கண்ட அதிகாரி எவரும் அடுத்ததற்குச் செல்லுங்கள் என்று எளிதிற் கூறியிருக்கமாட்டார். கட்டம் அப்பொழுது அலங்காரமாக இராது வாதமாகவே ஆகியிருக்கும். புள்ளிக்குறி வரிசை தரும் ஒழுங்கு, எது எதன்கீழ் வரும் என்பதை மட்டுமே சொல்லும். எது எதனைவிடப் பெரிது என்பதை அருகருகே வைக்கும் களங்களே சொல்லும்.

தமிழிற் படவில்லை தயாரிப்போர் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டையும் இந்நோக்கிலேயே ஆராய்தல் தகும். வழங்கப்படும் வார்ப்புருக்கள் பெரும்பாலும் இலத்தீன் எழுத்தின் வரியை அளந்து வகுக்கப்பட்டவை. 'பல்கலைக்கழகங்களிலிருந்து' என்பது பதினைந்து எழுத்துக்கொண்ட ஒரே சொல். ஆங்கிலத்தில் இரு சொற்களாகப் பிரிந்து இரு வரிகளில் அமரக்கூடிய அக்கருத்து, தமிழில் ஒரு வரியை முழுவதாகக் கேட்கிறது. மூன்று நிரல்களாகப் பகுத்த சட்டகத்தில் அச்சொல் நிரலை மீறும். அல்லது இடையே முறியும். செய்தித்தாள் நிரலில் வரியிறுதியில் எந்த எழுத்திலும் சொல்லை முறித்து வாசிக்கப் பழகியவர்கள் நாம். ஆனால் தாளில் மீண்டும் பார்க்கலாம். திரை மாறிவிடும். இருபுறமும் வரியைச் சமப்படுத்தினாலோ, நீண்ட சொற்களுக்கிடையே பெரும் பள்ளங்கள் விழுகின்றன. தமிழ் வரிக்கு மூன்று நிரல் பெரும்பாலும் ஒவ்வாது. இரண்டு நிரலும் இடப்புறம் மட்டும் சமப்படுத்திய வரியும் ஒத்துவரும்.

வரிகளுக்கிடையிலான வெளியிலும் வேறுபாடு உண்டு. 'கி', 'கீ' என்பவற்றின் விசிறிகள் மேலெழுகின்றன. 'கு', 'மூ' முதலியவற்றின் கால்களும் சுழிகளும் கீழிறங்குகின்றன. இலத்தீன் எழுத்துக்குப் போதுமான வெளியில் தமிழ் வரிகளின் மேலும் கீழும் உரசிக்கொள்கின்றன. தடித்த எழுத்தைப் பயன்படுத்தினால் ணகரத்தினதும் ஞகரத்தினதும் சுழிகள் அடைபட்டுக் கருமையாகிவிடுகின்றன. பேரெழுத்து, சிற்றெழுத்து என்னும் பாகுபாடும் தமிழில் இல்லை. சாய்வெழுத்தோ தமிழ் மரபிலிருந்து பிறந்ததன்று. ஆங்கில வடிவமைப்பாளன் தலைப்பைப் பந்தியிலிருந்து வேறுபடுத்திக் காட்டப் பல வழிகளைப் பெற்றிருக்க, தமிழுக்கு எஞ்சுவன அளவும் இடமும் வெளியுமே. ஓரவெளியையும் கட்டத்தையும் ஆங்கிலத்திலும் கூடுதலாக வேண்டிநிற்பது தமிழே எனின் மிகையாகாது. அத்தமிழே பிறர் அளந்த கட்டத்துள் அடைபடுகிறது.

இதனினும் ஆழமான ஒரு சிக்கல் வாக்கிய அமைப்பில் உண்டு. தமிழ் வாக்கியம் வினைமுற்றில் முடிவது. உண்டு, இல்லை, கூடும், வேண்டும் என்னும் தீர்ப்பு வரியின் இறுதியிலேயே வருகிறது. நீண்ட வாக்கியம் குறுகிய பெட்டியுள் மடிந்து இரண்டாம், மூன்றாம் வரிக்கு இறங்கும்பொழுது கருத்தின் முடிவு வலப்புற அடிமூலைக்குத் தள்ளப்படுகிறது. அதற்குப் பரிகாரமாக வினைமுற்றையே வெட்டிவிடுவது இன்று வழக்காகிவிட்டது. 'விலையேற்றம் – காரணங்கள்', 'இளைஞர் புலப்பெயர்வு – தாக்கம்' என்றவாறு பெயர்ச்சொற்கள் மட்டும் திரையில் நிற்கின்றன. யார் செய்தார், என்ன நிகழ்ந்தது, ஆய்வாளர் அதனை ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பன யாவும் வினைமுற்றோடு போய்விடுகின்றன. 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் (1822–1879) உரைநடையில் நிறுத்தக்குறிகளைக் கையாண்டமை, வாக்கியத்தைக் குறைப்பதற்கன்று. அதனை வாசிப்போர் முழுமையாகப் பற்றிக்கொள்வதற்கே. ஒரு படவில்லைக்கு ஒரு முழு வாக்கியம், அது ஒரே வரியில் முடிவதற்குரிய அகலம், அதன் கீழே அதனை நிறுவும் அட்டவணை அல்லது படம் எனக் கொண்டால், அவ்வகலமே சட்டகத்தின் முதல் அளவாகிவிடும். ஐந்து வரியை ஒன்றாகக் குறைப்பது இடத்துக்காக அன்று, எதைச் சொல்லப்போகிறோம் என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே. கருத்தரங்குகளிற் பலர் அஞ்சுவதும் இதற்கே போலும்.

முல்லர்-புரொக்மன், றிச்சட் போல் லோசே, ஹான்ஸ் நொய்பேர்க், கார்லோ விவரெலி ஆகிய நால்வரும் 1958 முதல் 1965 வரை வெளியிட்ட 'நொய்ய கிராபிக்' என்னும் சஞ்சிகை ஜேர்மன், ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய மூன்று மொழிகளையும் நிரல்களாக அருகருகே தாங்கியது. பல மொழிகள் வழங்கும் நாடு ஒன்றிற் கட்டச் சட்டகம் வேரூன்றியமை தற்செயலானதன்று. மும்மொழி வழங்கும் இலங்கைக்கு இது அந்நியமான செய்தியும் அன்று. இங்கோ, மும்மொழிப் படவில்லைகளிலும் அறிவித்தல்களிலும் வேறொரு மொழியின் வரிக்கென முன்னரே வகுத்த களத்துள், தமிழ் வரி எழுத்துச் சிறுத்து, இடைவெளி நெருங்கி, சிலவேளை கடைசிச் சொல் வெட்டுண்டு நிற்பதைக் காணலாம். சட்டகம் வரைந்தவருக்கு எவ்வித உள்நோக்கமும் இல்லாதிருக்கலாம். வரியை அளவாமற் பெட்டியை அளந்தார், அவ்வளவே. மூன்று வரிகளுள் பெரும்பாலும் நீளமானது தமிழ் வரியே. அதனை முதலில் இட்டு, மண்டபத்தின் கடைசி வரிசையிலிருந்து வாசிக்கக்கூடிய அளவில் அதன் நீளத்தையும் உயரத்தையும் குறித்து, அவ்வளவினின்று மூன்று நிரைகளை வகுத்தால், ஏனைய இரு மொழிகளும் அதே எழுத்தளவில் அக்களங்களில் இடரின்றி அமையும். வலப்புறத்தில் அவற்றுக்குச் சற்று வெளியும் மிஞ்சும்.